2.5-உம் 2.50-உம் ஒன்றா? படிவம் 3 கணக்கில் ஒரு சந்தேகம்

மெர்த்தாஜாம்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் படிவம் 3 படிக்கிறாள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் கணக்கைத் தமிழில் படித்தவள், இப்போது எல்லாம் மலாயில். பெந்துக் பியாவாய், அங்கா பெரெர்த்தி என்று ஒரு பாடம் போகிறது. தமிழில் தேடினால் அறிவியல் குறியீடு, முக்கிய இலக்கங்கள் என்று வருகிறது. நானும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். பாதி புரிகிறது.

கணக்குச் சோதனையில் 0.06048 என்ற எண்ணை மூன்று முக்கிய இலக்கத்துக்குத் திருத்தச் சொன்னார்கள். இவள் 0.060 என்று எழுதினாள், தப்பு என்று வந்தது. அதே வாரம் அறிவியல் பாடத்தில் வெர்னியர் கருவியால் ஓர் உலோகத் துண்டை அளந்து 2.5 செ.மீ. என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் 2.50 என்று எழுதவேண்டும் என்று அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். இவள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கணக்கில் 2.5-உம் 2.50-உம் ஒன்றுதானே, அறிவியலில் மட்டும் எப்படி வேறாகும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அளவைக்கூடம்_பாயான்லெப்பாஸ் எழுதியது:

அக்கா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் அளவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சரிபார்ப்பதுதான் என் வேலை, அதனால் இந்தப் பூச்சியத்தோடுதான் தினமும் குடும்பம் நடத்துகிறேன்.

எண்கோட்டில் புள்ளி வைக்கச் சொன்னால் 2.5-க்கும் 2.50-க்கும் ஒரே இடம்தான். அதில் மகள் சொல்வது சரி. ஆனால் அளந்து எழுதும் எண் எவ்வளவு என்பதை மட்டும் சொல்வதில்லை, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஒரே துண்டை மூன்று கருவிகளால் அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அடிக்கோல் 0.1 செ.மீ. வரை காட்டும், அதனால் 2.5 செ.மீ. என்று எழுதுவோம். வெர்னியர் 0.01 செ.மீ. வரை காட்டும், அதில் 2.50 செ.மீ. மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரை காட்டும், அதில் 25.00 மி.மீ., அதாவது 2.500 செ.மீ. துண்டு மாறவில்லை. கூடக் கூட எழுதிய ஒவ்வொரு பூச்சியமும் "இந்த இடத்தையும் நான் பார்த்தேன், அங்கே பூச்சியம்தான் இருந்தது" என்று சொல்கிறது. 2.5 என்று மட்டும் எழுதினால் அடுத்த இடத்தை யாரும் பார்க்கவில்லை என்று பொருள். உண்மையில் அது 2.46 ஆகவும் இருக்கலாம், 2.54 ஆகவும் இருக்கலாம்.

வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு 2.5 என்று எழுதினால், பார்த்த ஒன்றைப் பார்க்கவில்லை என்று எழுதியதாகிவிடும். ஆசிரியர் மதிப்பெண் குறைத்தது அதற்குத்தான். அடிக்கோலால் அளந்துவிட்டு 2.50 என்று எழுதுவது அதைவிட மோசம், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வது அது. எங்கள் கூடத்தில் அப்படி எழுதினால் அறிக்கை திரும்பி வந்துவிடும்.


பிரிக்ஃபீல்ட்ஸ்_தியூஷன் எழுதியது:

தம்பி அருமையாகச் சொன்னார். நான் முதல் கேள்விக்கு வருகிறேன், 0.06048.

மகள் எண்ணத் தொடங்கியது புள்ளியிலிருந்து. தசம இடம் என்றால் புள்ளிக்குப் பின்னால் எண்ணுவோம், 0.060 என்பது மூன்று தசம இடத்துக்குச் சரியான விடைதான். முக்கிய இலக்கம் என்றால் இடப்பக்கத்திலிருந்து வரும்போது முதலில் சந்திக்கும் பூச்சியமல்லாத இலக்கத்திலிருந்து எண்ண வேண்டும். இங்கே அது 6. ஆகவே 6, 0, 4 மூன்று இலக்கங்கள். அடுத்தது 8, ஐந்துக்கு மேல், அதனால் 4 ஐந்தாகும். விடை 0.0605. பல பிள்ளைகள் இந்த இரண்டையும்தான் குழப்பிக்கொள்கிறார்கள், பாடமே கஷ்டம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முன்னால் வரும் பூச்சியம் ஏன் கணக்கில் சேராது என்று கேட்டால் "விதி" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அந்தத் துண்டையே எடுங்கள். 2.50 செ.மீ. என்பதை மீட்டரில் எழுதினால் 0.0250. மில்லிமீட்டரில் 25.0. அலகை மாற்றியதும் முன்னால் இருந்த பூச்சியங்கள் வந்தன, போயின. அவற்றை யாரும் அளக்கவில்லை, புள்ளி எங்கே என்று காட்ட மட்டும் நிற்கின்றன. 2, 5, கடைசிப் பூச்சியம் ஆகிய மூன்றும் எந்த அலகில் எழுதினாலும் கூடவே வருகின்றன. அவைதான் முக்கிய இலக்கங்கள். நடுவில் மாட்டிக்கொண்ட பூச்சியம், 4.07-இல் இருப்பதைப் போல, எப்போதும் சேரும். அதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.


மெர்த்தாஜாம்_அம்மா எழுதியது:

அலகு மாற்றிக் காட்டியதும் எனக்கே விளங்கிவிட்டது டீச்சர். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள், உடனே அடுத்த கேள்வி கேட்கிறாள். 4500 என்றால்? அதன் கடைசி இரண்டு பூச்சியமும் சேருமா, சேராதா? புத்தகத்தில் "தேவைப்படும் துல்லியத்தைப் பொறுத்தது" என்று இருக்கிறது. அதை எப்படித் தெரிந்துகொள்வது?


அளவைக்கூடம்_பாயான்லெப்பாஸ் எழுதியது:

எண்ணை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது அக்கா. புத்தகம் மழுப்பவில்லை, அதுதான் உண்மை. 4500 என்பது நூறுக்குத் திருத்தியதா, பத்துக்குத் திருத்தியதா, ஒன்றுவரை எண்ணியதா என்று அந்தப் பூச்சியங்கள் சொல்லாது. இரண்டு, மூன்று, நான்கு முக்கிய இலக்கம், மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

அறிவியல் குறியீட்டின், அதாவது ஓர் எண்ணைப் புள்ளிக்கு முன் ஒரே இலக்கம் வரும்படி எழுதிப் பத்தின் அடுக்கால் பெருக்கிக் காட்டும் முறையின், பெரிய உதவியே இங்கேதான். 4.5 × 10³ என்றால் இரண்டு இலக்கம். 4.50 × 10³ என்றால் மூன்று. 4.500 × 10³ என்றால் நான்கு. புள்ளியின் இடத்தைக் காட்டும் வேலையைப் பத்தின் அடுக்கு எடுத்துக்கொள்கிறது, அதனால் முன்னால் நிற்கும் எண்ணில் வீணான பூச்சியத்துக்கு இடமே இல்லை. எழுதியிருந்தால் அது அளந்த பூச்சியம்.

நீளமான எண்ணைச் சுருக்கி எழுதத்தான் இந்தக் குறியீடு என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோ, அதைப் புள்ளிக்குப் பின் முப்பது பூச்சியம் போட்டு யார் எழுதுவது? சுருக்கமும் வேண்டியதுதான். ஆனால் என் வேலையில் எனக்கு அதைவிடப் பெரிய பயன், ஒவ்வொரு பூச்சியமும் எதற்காக இருக்கிறது என்று தெளிவாகிவிடுவது.


ஓய்வுபெற்ற_ஆசிரியர் எழுதியது:

பூச்சியத்தின் நம்பகம் பற்றிப் பேசும்போது எவரெஸ்ட் நினைவுக்கு வருகிறது. 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். அந்த உயரத்தைக் கணக்கிட்டவர்களில் முதன்மையானவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். கணக்கில் வந்த சராசரி சரியாக 29,000 என்றும், அப்படியே வெளியிட்டால் ஏதோ உத்தேசமாகச் சொன்ன எண் என்று உலகம் நினைத்துவிடும் என்று இரண்டு அடியைச் சேர்த்தார்கள் என்றும் சொல்லப்படுவதுண்டு. அடி வரைக்கும் அளந்த உழைப்பு மூன்று பூச்சியத்தில் மறைந்துவிடும் என்ற கவலை. 2.9000 × 10⁴ என்று எழுதும் பழக்கம் பொதுமக்களிடம் இருந்திருந்தால் அந்தக் கவலைக்கு வேலையே இல்லை. இப்போதைய அளவு 8848.86 மீட்டர், 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது.


செலாயாங்_வாசி எழுதியது:

நம் பத்துமலையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது சார். படிகள் 272. முருகன் சிலை 42.7 மீட்டர். முக்கிய இலக்கம் இரண்டுக்கும் மூன்றுதானே?

இன்னொன்று, சிலையின் உயரம் 140 அடி என்றும் எழுதுகிறார்கள். 140-ஐ 0.3048-ஆல் பெருக்கினால் 42.672 வருகிறது. சில இடங்களில் அப்படியே 42.672 மீட்டர் என்றும் பார்த்திருக்கிறேன். எதை எழுதுவது?


பிரிக்ஃபீல்ட்ஸ்_தியூஷன் எழுதியது:

272 படி அளந்தது இல்லை, எண்ணியது. எண்ணியதில் அரைப்படி ஐயம் கிடையாது. 272.000 என்று எத்தனை பூச்சியம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கணக்கில் அது விடையின் இலக்கங்களைக் குறைக்காது. ஒரு டஜனுக்கு 12, ஒரு மீட்டருக்கு 100 செ.மீ., இவையும் அப்படித்தான். பிள்ளைகள் "சராசரிக்கு 3-ஆல் வகுத்தேன், 3 ஒரே இலக்கம், அதனால் விடையும் ஒரே இலக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 3 எண்ணிக்கை, அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

சிலைக்கு 42.672 வேண்டாம். 140 அடி என்று சொன்னவருக்கு அடி வரைக்கும்தான் தெரியும் என்றால், மாற்றிய பிறகு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? கால்குலேட்டர் கொடுத்தது. 42.7 போதும்.

கணக்கில் இதைத்தான் பெருக்கல் விதி என்கிறோம். பெருக்கும்போதும் வகுக்கும்போதும், இருப்பதில் குறைந்த முக்கிய இலக்கம் எதற்கோ, விடைக்கும் அத்தனை இலக்கம். கூட்டல் கழித்தலுக்கு விதி வேறு, அங்கே தசம இடத்தைப் பார்க்க வேண்டும். பினாங்குக்காரர்களுக்காக ஒன்று: முதல் பாலம் 13.5 கி.மீ., இரண்டாவது பாலம் 24 கி.மீ. கூட்டினால் 37.5 என்று வரும். ஆனால் 24 என்று சொன்னவர் அரைக் கிலோமீட்டரைப் பார்க்கவில்லை. ஆகவே 38 கி.மீ. என்பதுதான் நேர்மையான விடை.


கோலாலம்பூர்_தாதி எழுதியது:

எல்லோரும் கடைசிப் பூச்சியத்தைப் புகழ்கிறீர்கள். நான் அதற்கு எதிராகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

மருந்து அளவு எழுதும்போது எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம், 5.0 மில்லிகிராம் என்று எழுதவே கூடாது. புள்ளி மங்கலாக விழுந்தால் படிப்பவர் 50 என்று எடுத்துவிடுவார், பத்து மடங்கு மருந்து போய்விடும். 5 என்று மட்டும் எழுத வேண்டும். அதேபோல ஒன்றுக்குக் குறைந்த அளவில் முன்பூச்சியத்தை விடக் கூடாது, .5 என்று எழுதினால் அது 5 ஆகிவிடும், 0.5 என்றே எழுத வேண்டும். மைக்ரோகிராமும் மில்லிகிராமும் ஆயிரம் மடங்கு வேறுபாடு, 10⁻⁶-உம் 10⁻³-உம். அங்கே குழப்பம் வந்தால் திருத்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. உங்கள் விதியில் முன்பூச்சியத்துக்கு மதிப்பில்லை, கடைசிப் பூச்சியத்துக்கு மதிப்பு. எங்களுக்கு நேர்மாறு.


அளவைக்கூடம்_பாயான்லெப்பாஸ் எழுதியது:

சிஸ்டர், நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. மருந்துச்சீட்டில் இருப்பது கட்டளை, "இவ்வளவு கொடு". அதில் படிக்கும் கண் தவறக் கூடாது என்பதுதான் முதன்மை. அளவை அறிக்கையில் இருப்பது சாட்சி, "இவ்வளவு கண்டேன்". அதில் எதுவரை கண்டேன் என்பது வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவில் 4.0 என்று அச்சாகி வருவதைப் பார்த்திருப்பீர்கள், மருந்துக்கு உள்ள அந்தத் தடைக்கு அங்கே விலக்கு உண்டு, ஏனென்றால் அது அளவை.


ஷா_ஆலாம்_பொறியாளர் எழுதியது:

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். முக்கிய இலக்கம் என்பதே தோராயமான ஏற்பாடு. அதை வேதவாக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

9.9, 10.1 இரண்டையும் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு முக்கிய இலக்கம், மற்றதற்கு மூன்று. இரண்டிலும் ஐயம் கடைசி இடத்தில் பாதி, அதாவது 0.05. சதவீதத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய அரை சதவீதம்தான். துல்லியம் ஒன்றே, இலக்க எண்ணிக்கை வேறு. இப்போது 1.1-ஐ எடுங்கள். அதற்கும் 9.9-ஐப் போல இரண்டு இலக்கம். ஆனால் ஐயம் நாலரை சதவீதம், ஒன்பது மடங்கு மோசம். இலக்கம் எண்ணும் முறைக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சரியான வழி ஐயத்தை வெளிப்படையாக எழுதுவது. 2.50 ± 0.02 என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.


பிரிக்ஃபீல்ட்ஸ்_தியூஷன் எழுதியது:

சார், அது மறுக்க முடியாத உண்மை, பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு ± கட்டாயம் வேண்டும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் முதல் நாளே சதவீத ஐயத்தைக் கொடுத்தால் அது எண்ணைப் பார்த்துப் பயந்துவிடும். எல்லா எண்ணும் ஒரே அளவு நம்பகமானது இல்லை என்ற எண்ணம் முதலில் மனத்தில் இறங்க வேண்டும். அதற்கு இலக்கம் எண்ணுவது நல்ல வாசல். வாசலிலேயே வீட்டைக் கட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். கால்குலேட்டரில் வந்த பத்து இலக்கத்தையும் அப்படியே எழுதிக்கொண்டு வரும் மாணவரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதையும் யோசிக்காமல் எழுதிய விடை அது.


எஸ்பிஎம்_மாணவன்_கெப்போங் எழுதியது:

டீச்சர், கால்குலேட்டர் என்றதும் ஒன்று கேட்கிறேன். என் கேசியோவில் 1 ÷ 200 போட்டால் 5 × 10⁻³ என்று வருகிறது. நண்பனுடையதில் 0.005. இரண்டும் ஒரே மாடல், எஃப்எக்ஸ்-570. என்னுடையது கெட்டுவிட்டதா? அப்புறம் 6 × 10⁸ ÷ 2 × 10³ என்று போட்டால் 3 × 10¹¹ வருகிறது, விடைத்தாளில் 3 × 10⁵ என்று இருக்கிறது.


பிரிக்ஃபீல்ட்ஸ்_தியூஷன் எழுதியது:

கெடவில்லை தம்பி. செட்டப்பில் ஃபிக்ஸ் (Fix), சாய் (Sci), நோர்ம் (Norm) என்று விடையைக் காட்டும் முறைகள் மூன்று இருக்கும். நோர்ம் 1-இல் வைத்திருந்தால் 0.01-க்குக் கீழே போனதும் அறிவியல் குறியீட்டுக்கு மாறிவிடும். நோர்ம் 2-க்கு மாற்று, 0.005 என்று காட்டும். சாய் என்பதில் இத்தனை முக்கிய இலக்கம் என்று நீயே குறிப்பிடலாம், விடையைச் சரிபார்க்க நல்லது.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. பெருக்கல் குறி, பத்து, அடுக்கு என்று தனித்தனியாக அழுத்தினால் கருவி இடமிருந்து வலமாகப் போகும். முதலில் 2-ஆல் வகுக்கும், பிறகு 10³-ஆல் பெருக்கிவிடும். நீ வகுக்க நினைத்ததைப் பெருக்கிவிட்டது. விடை பத்து லட்சம் மடங்கு பெரிதாகிவிட்டது. பத்தின் அடுக்குக்கென்றே ஒரு தனிப் பொத்தான் இருக்கிறது, பழைய மாடலில் எக்ஸ்ப் என்று போட்டிருக்கும். 6, அந்தப் பொத்தான், 8, வகுத்தல், 2, அந்தப் பொத்தான், 3. அப்போது 2 × 10³ முழுவதையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அடைப்புக்குறி போடு. அந்தப் பொத்தானுக்கு முன்னால் மறுபடி 10 என்று அழுத்தாதே, பத்து மடங்கு கூடிவிடும்.

நடுவில் சுருக்காதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1.46-ஐ மூன்று முறை பெருக்கினால் 3.112136, மூன்று இலக்கத்துக்கு 3.11. முதல் பெருக்கலில் வந்த 2.1316-ஐ 2.1 என்று சுருக்கிவிட்டுத் தொடர்ந்தால் 3.07 வரும். சுருக்கியதையே மறுபடி சுருக்குவதும் ஆபத்து: 2.4461-ஐ 2.45 ஆக்கி, அதை 2.5 ஆக்கினால் தவறு, நேராக இரண்டு இலக்கத்துக்குப் போனால் 2.4.


பிஐபிஜி_செயலாளர் எழுதியது:

பள்ளிப் பெற்றோர் பட்டியலை எக்செல்லில் தட்டும்போது அடையாள அட்டை எண்கள் 9.0E+11 போல மாறிவிடுகின்றன. இதுவும் அதே குறியீடுதானா?


ஷா_ஆலாம்_பொறியாளர் எழுதியது:

அதேதான். பன்னிரண்டு இலக்கம் வந்தால் எக்செல் அறிவியல் குறியீட்டில் காட்டத் தொடங்கிவிடும், ஈ எழுத்துக்குப் பின் வருவது பத்தின் அடுக்கு. 2005-இல் பிறந்த பிள்ளையின் எண் 05 என்று தொடங்கும், அந்த முன்பூச்சியத்தையும் விழுங்கிவிடும். வங்கி அட்டையின் 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 முக்கிய இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். தட்டும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். அடையாள அட்டை எண் ஓர் அளவு இல்லை, பெயரைப் போன்றது, அதைக் கூட்டவோ சுருக்கவோ யாருக்கும் தேவையில்லை.


மெர்த்தாஜாம்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவள் இன்று செய்த பயிற்சியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டாள். 4.2 × 10⁻⁵ + 3 × 10⁻⁶ என்பதற்கு 7.2 × 10⁻¹¹ என்று எழுதியிருக்கிறாள். இன்னொன்று, ஒளியின் வேகம் சில தாளில் 3 × 10⁸, சில தாளில் 3.00 × 10⁸, இணையத்தில் 299,792,458. எதை எடுப்பது?


அளவைக்கூடம்_பாயான்லெப்பாஸ் எழுதியது:

முதல் கணக்கில் அடுக்குகளைக் கூட்டிவிட்டாள். அது பெருக்கலுக்குத்தான். கூட்டலுக்கு இரண்டு எண்ணும் ஒரே அடுக்கில் நிற்க வேண்டும். 3 × 10⁻⁶ என்பது 0.3 × 10⁻⁵. இப்போது 4.2 + 0.3 = 4.5, விடை 4.5 × 10⁻⁵. ஊரில் சொந்தக்காரர்கள் கோடியில் பேசுவார்கள், நாம் ஜூத்தாவில், அதாவது பத்து லட்சத்தில் பேசுவோம். மலேசிய மக்கள்தொகை ஏறக்குறைய 34 ஜூத்தா, அவர்கள் கணக்கில் 3.4 கோடி, இரண்டுமே 3.4 × 10⁷. ஜூத்தாவையும் கோடியையும் நேரடியாகக் கூட்ட மாட்டோம் இல்லையா, அடுக்கும் அப்படித்தான். இன்னொன்றையும் அவளிடம் கேட்டுப் பாருங்கள், 10⁻⁵ பெரிதா 10⁻⁶ பெரிதா என்று. ஆறு பெரிது என்று சொன்னால், புள்ளி வைத்து முழுதாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 10⁻⁶ சுழியத்துக்குக் கீழே போன எண் இல்லை, மிகச் சிறிய எண், அவ்வளவுதான்.

ஒளியின் வேகம் வினாடிக்கு 299,792,458 மீட்டர் என்பது அளந்த எண்கூட இல்லை. 1983-இல் மீட்டரையே அதை வைத்து வரையறுத்துவிட்டார்கள், அதனால் அதில் ஐயம் கிடையாது. தேர்வில் தாளில் கொடுத்த எண்ணையே எடுக்கட்டும், விடையின் இலக்கமும் அதற்கு ஏற்ப. சூரியனிலிருந்து ஒளி வர எவ்வளவு நேரம் என்று கேட்டால், 1.5 × 10⁸ கி.மீ.-ஐ 3.0 × 10⁵-ஆல் வகுத்து 5.0 × 10² வினாடி என்று எழுதலாம். 1.496 × 10⁸-உம் 2.998 × 10⁵-உம் கொடுத்திருந்தால் 499.0 வினாடி, எட்டு நிமிடம் பத்தொன்பது வினாடி. அந்தக் கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.